சர்ர்ர்...! ட்ரிஃப்ட் அடிப்பது எப்படி?

சைக்கிளில் நல்ல வேகத்தில் வந்து, மண் தரையில் பின் பிரேக்கை மட்டும் ஒரே பிடியாகப் பிடித்து, ஹேண்டில் பாரை லேசா ஒடித்தால் என்ன ஆகும்? 'சர்ர்ர்'னு பின் சக்கரம் வாரிக்கொண்டு போகும். புழுதி பறக்கும். சைக்கிள் குறுக்கே திரும்பி நிற்கும். நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போனால் அந்தக் கோடுகளைத் தினமும் பார்க்கலாம். (யார் யார் போட்ட கோடு என்று வாட்ச்மேன் தாத்தாவுக்கும் தெரியும்!) அந்த ஒரு நொடியை அப்படியே இழுத்து நீட்டி, வண்டியை நிறுத்தாமல், வளைவு முழுக்கச் சறுக்கிக்கொண்டே போவதற்குப் பேர்தான் ட்ரிஃப்ட்.

பாடத்தை விட்டுவிட்டு வீடியோ கேம் பற்றி எழுத வந்துவிட்டேன் என்று ஆசிரியர்கள் முறைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. போன மாதம் ஏரிக்கரை ரோட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நம் பள்ளியில் படித்து முடித்த இரண்டு அண்ணன்கள், தூறல் நின்ற சாயங்காலம், காரை வைத்து 'ட்ரிஃப்ட்' பண்ணப் பார்த்தார்கள். கார் வேப்பமரத்தில் போய் நின்றது. ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. நல்ல வேளை, அதோடு போச்சு. மறுநாள் முதல் ஊரில் பாதி வீடுகளில் கம்ப்யூட்டர் கேமுக்குத் தடை. எங்கள் வீட்டில் கீபோர்டு பீரோ மேல் ஏறிவிட்டது. "எல்லாம் அந்த கேமால வந்த வினை" என்று ஒரு தரப்பு. "கேம் விளையாடுறவனுக்கு இது கூடவா தெரியாது, கிறுக்குப் பசங்க" என்று இன்னொரு தரப்பு. அந்த கேமை நானும் இரண்டு வருஷமாக விளையாடுகிறேன். அதில் எது நிஜம், எது டூப் என்று பிரித்துச் சொல்ல இதுவரை யாரும் முன்வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கேமின் பெயர் 'நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்டு 2'. வெளிவந்தது 2004-ல், நம்மில் பல பேர் பிறப்பதற்கு முன்னாலேயே! கனடாவில் இயங்கிய பிளாக் பாக்ஸ் என்ற குழு தயாரித்தது. பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும் என்பதால்தான் இன்னும் நம்ம மாதிரி வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பேவியூ என்ற கற்பனை நகரம். எப்பவும் ராத்திரி, பாதி நேரம் ஈர ரோடு, கலர் கலரா விளக்கு. அதில் சாதா ரேஸ், டிராக் ரேஸ் என்று பலவகை உண்டு. ட்ரிஃப்ட் தனி வகை. இதில் முதலில் வருகிறவன் ஜெயிப்பதில்லை. எவ்வளவு சாய்வாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் சறுக்குகிறோமோ அவ்வளவு பாயிண்ட். சுவரில் இடித்தால் அந்தச் சறுக்கலில் சேர்த்த பாயிண்ட் அத்தனையும் ஸ்வாஹா!

இந்த மார்க் போடும் முறையை கேம்காரர்கள் சும்மா கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் 2001 முதல் நடக்கும் டி1 கிராண்ட் பிரீ என்ற ட்ரிஃப்ட் போட்டியிலும் கோணம், வேகம், போகிற பாதை, ஸ்டைல் இவற்றைப் பார்த்துத்தான் மார்க். பரதநாட்டியப் போட்டி மாதிரி, காருக்கு!

ட்ரிஃப்ட் பிறந்த வீடே ஜப்பான்தான். குனிமிட்சு தகஹாஷி என்பவர் முதலில் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-ல் மேற்கு ஜெர்மனியில் 250 சிசி பந்தயத்தில் ஜெயித்து, மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ வென்ற முதல் ஜப்பானியர் ஆனார். பிறகு கார் பந்தயத்துக்கு வந்தார். 1970-களில் வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டே புகுந்து புறப்படுவார். அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் கெய்ச்சி ட்சுச்சியா. மலைப்பாதைகளில் ஓட்டி ஓட்டிப் பழகி, பிற்பாடு 'ட்ரிஃப்ட் கிங்' என்றே பெயர் வாங்கினார். 1995 முதல் 2013 வரை வந்த 'இனிஷியல் டி' என்ற ஜப்பானிய காமிக்ஸ் இந்தப் பைத்தியத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் நாயகன் அப்பாவின் கடைக்காக விடியற்காலையில் மலை மேல் டோஃபு (சோயா பால்கட்டி) கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். கார் டொயோட்டா ட்ரூனோ, ஏஇ86 என்பது அதன் குறியீட்டு எண். அவன் அப்பா காரில் ஒரு கப் தண்ணீர் வைத்து அனுப்புவார், அது சிந்தாமல் ஓட்டணும். அந்தக் கப் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கார் ஏன் சறுக்குகிறது?

இவ்வளவு பெரிய கார் தரையைத் தொடுவது நாலே நாலு இடத்தில்தான். ஒவ்வொரு டயரும் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகம் எடுப்பது எல்லாமே அந்த நாலு உள்ளங்கைகளின் உராய்வை நம்பித்தான். அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதை டயரின் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 ரூபாய். அதில்தான் திரும்புகிற செலவும், வேகம் எடுக்கிற செலவும்.

ஆனால் இங்கே கணக்கு சாதாரணக் கழித்தல் இல்லை. பிதாகரஸ்! இழுவை முன்பக்கமாக, திருப்பம் பக்கவாட்டில், இரண்டும் செங்குத்து. அதனால் இழுவைக்கு 80 செலவானால் திருப்பத்துக்கு மிச்சம் 20 அல்ல, 60. (80-ன் வர்க்கம் 6400, 60-ன் வர்க்கம் 3600, கூட்டினால் 10000, அதாவது 100-ன் வர்க்கம்.) ஒன்பதாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, செங்கோண முக்கோணம் எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான். இழுவைக்கே 100-ம் போய்விட்டால்? திருப்பத்துக்கு ஒண்ணுமே இல்லை. அந்த டயர் பக்கவாட்டில் சறுக்கிவிடும்.

பின் சக்கரங்கள் அப்படிச் சறுக்கினால் அதன் பெயர் ஓவர்ஸ்டியர். காரின் வால் வெளியே போகும், மூக்கு உள்ளே திரும்பும். முன் சக்கரங்கள் சறுக்கினால் அண்டர்ஸ்டியர். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் "நான் நேராத்தான் போவேன்" என்று போகும். ட்ரிஃப்டுக்கு வேண்டியது முதலாவது. மரத்தில் கொண்டுபோய் விடுவது இரண்டாவது.

(பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பார்க்கவும். சிவப்பு அம்பு கார் போகும் திசை, நீல அம்பு கார் பார்க்கும் திசை. கார் சோப்பு டப்பா மாதிரி இருந்தால் அது ஓவிய ஆசிரியர் குற்றம் இல்லை.)

வாலை வெளியே தள்ள நாலைந்து வழி இருக்கிறது. ரொம்ப சுலபம் ஹேண்ட் பிரேக். கேமில் ஸ்பேஸ் பார். அது பின் சக்கரங்களை மட்டும் பூட்டும், நம் சைக்கிள் பின் பிரேக் மாதிரியே. பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிட்டத்தட்டப் போய்விடும். ஆனால் ஒரு தட்டுதான். அமுக்கியே வைத்திருந்தால் கார் முழுசா சுற்றி, வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, பஸ் வழி. டிரைவர் திடீர்னு பிரேக் அடித்தால் நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுகிறோமா? காரின் எடையும் அப்படித்தான், முன் சக்கரங்கள் மேல் போய் உட்காரும். பின் சக்கரம் லேசாகிவிடும். எடை குறைந்தால் உராய்வும் குறையும், இது எட்டாம் வகுப்பிலேயே படித்தது. அந்த நேரம் பார்த்துத் திருப்பினால் வால் தானாகக் கிளம்பும். இனிஷியல் டி பையன் அந்தக் கப் தண்ணீரைப் பார்த்துப் படிப்பது இதைத்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கச் சக்கரங்களில் எடை இருக்கிறது. இது தெரிந்துவிட்டால், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது விழாமல் நிற்கக்கூடச் சுலபமாக இருக்கிறது, சோதித்துப் பார்த்தேன்.

மூன்றாவது, ஊஞ்சல் வழி. வலது பக்கம் திரும்பணும்னா முதலில் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்து, உடனே வலது பக்கம் திருப்புவது. எடை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வேகமாக வீசும், வால் அதோடு வீசிக்கொண்டு போகும். மண் ரோட்டு ராலி பந்தயக்காரர்கள் இதை ரொம்பக் காலமாகச் செய்கிறார்கள். கிளட்சை உதைத்துவிடுவது, வெறும் ஆக்ஸிலேட்டர் பலத்திலேயே பின் சக்கரத்தைச் சுழலவிடுவது என்று இன்னும் உண்டு. கேமுக்கு முதல் மூன்றே போதும்.

வால் கிளம்பிவிட்டது. இனிமேல்தான் கஷ்டம். சறுக்க வைக்கிறது யாரும் பண்ணலாம், சறுக்கலைப் பிடித்து வைக்கணும்.

வலது வளைவில் கார் மூக்கு வலப்பக்கம் பார்க்கிறது, வால் இடப்பக்கம் ஓடுகிறது. இப்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம்? இடப்பக்கம்! வளைவு வலது, ஸ்டியரிங் இடது. வால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே திருப்பணும். இதற்கு கவுண்டர்ஸ்டியர் என்று பெயர். கேட்கும்போது தலை சுற்றும். முன் சக்கரங்கள் கார் பார்க்கிற திசையை விட்டுவிட்டு, கார் உண்மையில் போகிற திசையைப் பார்க்கணும், அவ்வளவுதான் ரகசியம். என் தங்கைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்தேன்: "கார் மூக்கைப் பார்க்காதே, ரோடு எங்கே போகுதோ அங்கே பாரு, கை தானா வரும்." அவள் ஏழாம் வகுப்பு. இரண்டே நாளில் என் ஸ்கோரைத் தாண்டிவிட்டாள். (இந்தத் தகவல் இந்த இதழைத் தாண்டி வெளியே போகக்கூடாது.)

கால் வேலை ஆக்ஸிலேட்டர். அதிகம் கொடுத்தால் பின் சக்கரத்தின் சம்பளம் இழுவையிலேயே தீர்ந்து, வால் இன்னும் வெளியே போகும். குறைத்தால் பிடிப்பு திரும்பி, வால் உள்ளே வரும். ஆக, சறுக்கும் காரைத் திருப்புவது பாதி ஸ்டியரிங், பாதி ஆக்ஸிலேட்டர். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக விட்டுவிட்டால்? பின் டயர் படக்கென்று தரையைப் பிடிக்கும். முன் சக்கரமோ எதிர்ப்பக்கம் திரும்பி இருக்கிறது. கார் சவுக்கு மாதிரி எதிர்ப்பக்கம் சுழற்றி அடிக்கும். கேமில் புதிதாக விளையாடுகிறவர்கள் பத்துக்கு எட்டு தடவை இப்படித்தான் சுவரில் போவார்கள்.

கீபோர்டில் விளையாடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. நிஜ ஸ்டியரிங்கைக் கால்வாசி, அரைவாசி திருப்பலாம். அம்புக்குறி விசைக்கு அமுக்கு, விடு, இரண்டே நிலை. அதனால் அமுக்கியே பிடிக்கக் கூடாது. தபேலா வாசிக்கிற மாதிரி தட்டித் தட்டி விடணும். ஆக்ஸிலேட்டருக்கும் அதே தட்டல்தான். எங்கள் வீட்டில் சத்தத்தை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார்: "டொக்கு டொக்குனு கேக்குது, படிக்கிற சத்தம் இல்லையே!"

பழகும் வரிசையும் முக்கியம். எடுத்தவுடன் ஸ்கோருக்கு ஓடினால் எதுவும் வராது. ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, எந்த இடத்தில் ஸ்பேஸ் பார் தட்டுவது என்று ரோட்டோரத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, அதையே இருபது தடவை. அது பழகியபின் எஸ் மாதிரி வளைவு. அங்கே ஒரு பக்கச் சறுக்கல் முடிவதற்குள் அந்த வீச்சையே வைத்து மறுபக்கச் சறுக்கலுக்குப் போகலாம், ஊஞ்சல் வழியேதான். இரண்டு சறுக்கலும் அறுபடாமல் சேர்ந்துவிட்டால் பாயிண்ட் கொட்டும். அந்த மாதிரி முதல் தடவை சேர்ந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி டூப் பக்கம்.

கேமில் ட்ரிஃப்ட் போட்டியில் ஓட்டும் அதே காரை, போட்டி முடிந்து நகரத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். அதே விசைகள், அதே கார். ஆனால் அப்படிச் சறுக்காது, ரோட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டு போகும். எப்படி? ட்ரிஃப்ட் போட்டி ஆரம்பித்தவுடன் கேம் சத்தம் போடாமல் இயற்பியலையே மாற்றிவிடுகிறது. தரை எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும், காரும் நாம் சொல்வதைக் கேட்டு அழகாகச் சாயும். இன்னும் பெரிய டூப் ஒன்று உண்டு. அதில் பின் சக்கரம் இழுக்கும் காரும் சறுக்கும், முன் சக்கரம் இழுக்கும் பெஜோ 206-ம் அதே மாதிரி சறுக்கும்!

நிஜத்தில் இது நடக்காது. அம்பாசிடர், ஆம்னி, பொலீரோ, நம் டவுன் பஸ், லாரி இதெல்லாம் பின் சக்கர இழுவை. இஞ்சின் பலம் பின் சக்கரத்துக்குப் போகும், முன் சக்கரத்துக்குத் திருப்பும் வேலை மட்டும். மாருதி 800, ஆல்டோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்னக் கார்கள் முன் சக்கர இழுவை. இழுப்பதும் முன் டயர், திருப்புவதும் முன் டயர். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை, சம்பளம் அதே 100 ரூபாய். வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவைக்கே காசு தீர்ந்துவிடும், திருப்பத்துக்கு மிஞ்சாது. வால் வெளியே போகாது. மூக்கு நேராகப் போகும். ஹேண்ட் பிரேக் போட்டு வாலைச் சுழற்றலாம், ஆனால் அந்தச் சறுக்கலை ஆக்ஸிலேட்டரால் வளைவு முழுக்கப் பிடித்து வைக்க வழியில்லை. ஏஇ86 கார் ஏன் ட்ரிஃப்டுக்குப் பெயர் பெற்றது என்றால், 1983 முதல் 1987 வரை வந்த அந்தச் சின்னக் கார் பின் சக்கர இழுவை, எடையும் ஆயிரம் கிலோவுக்குள்.

ஏரிக்கரையில் போனது முன் சக்கர இழுவைக் கார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த அண்ணனிடமே போய்க் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: "கேம்ல மாதிரியே மிதிச்சேன். வண்டி திரும்பவே இல்ல, மரம் மட்டும் பெருசாயிட்டே வந்துச்சு." ஸ்பீடாமீட்டரில் 60 பார்த்ததாக ஞாபகம் என்றார்.

60 அதிகமா? நெடுஞ்சாலையில் எல்லாரும் போகிற வேகம்தானே? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று நானும் என் வகுப்பு நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 20 மீட்டர் கயிறோடு ஏரிக்கரைக்குப் போனோம். வளைவின் உள் ஓரத்து வெள்ளைக் கோட்டில் கயிற்றின் இரண்டு முனைகளையும் வைத்து இறுக்கிப் பிடித்தோம். (உள் ஓரம் என்பதால் கயிறு ரோட்டுக்கு வெளியே மண்ணில்தான் கிடக்கும், வண்டிக்குத் தொல்லை இல்லை.) கயிற்றின் நடுவில் இருந்து வெள்ளைக் கோடு வரை அளந்தால் 2 மீட்டர். வட்டத்தின் நாண் பாடம்தான் இது. கயிற்று நீளத்தின் வர்க்கத்தை நடு இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு நடு இடைவெளியில் பாதியைக் கூட்டினால் ஆரம். 400-ஐ 16-ஆல் வகுத்தால் 25, கூட்டல் 1, மொத்தம் 26 மீட்டர். கார் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் போனது என்று வைத்தால் 28.

வளைவில் திரும்ப வேண்டுமென்றால் மையநோக்கு விசை வேண்டும், அதைக் கொடுப்பது உராய்வு. இரண்டையும் சமன்படுத்தினால் நிறை அடிபட்டுப் போகிறது. (கார் கனமா இருந்தா ரோட்டைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் கவனிக்க!) மிஞ்சுவது: வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × ஈர்ப்பு முடுக்கம் × ஆரம். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயருக்கு உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.8. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைப்போம். 0.8 × 10 × 28 = 224. வர்க்கமூலம் 15. நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. காய்ந்த ரோட்டிலேயே அந்த வளைவின் எல்லை 54 தான்!

அன்றைக்கு ரோடு ஈரம். ஈரத்தில் கெழு ஏறக்குறைய 0.4. அப்போது 112-ன் வர்க்கமூலம், 10.6. மணிக்கு 38 கி.மீ. அதுவும் ஆக்ஸிலேட்டர், பிரேக் எதையும் தொடாமல், சம்பளம் முழுவதையும் திருப்பத்துக்கே செலவு செய்தால். 60-ல் திரும்ப வேண்டுமென்றால் கெழு 1 வேண்டும். ஈர ரோட்டில் சாதாரண டயருக்கு அது எங்கே கிடைக்கும்? அவர் உலகத்திலேயே பெரிய டிரைவராக இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அந்த வேகத்தில் அந்தக் கார் திரும்பியிருக்காது. வேப்பமரம் இல்லாவிட்டால் ஏரி. போன மழைக்கு நிரம்பிய ஏரி.

இயற்பியல் ஐயாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். திருத்தம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைச் சுவர்ல போடு" என்றார். கீபோர்டு பீரோவில் இருந்து இறங்கியதற்கும் இந்தத் தாள்தான் காரணம்.

என் மாமா டிராவலர் வண்டி ஓட்டுகிறவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு வீட்டுப் படிக்கட்டு மாதிரி. அவரை உட்கார வைத்து கேமில் மலை இறக்க ட்ரிஃப்டைக் காட்டினேன். அதில் போட்டிக் கார் கிடையாது, மலை உச்சியிலிருந்து கீழே வரை தனியாகச் சறுக்கிக்கொண்டே இறங்கணும், எதிரே சாதாரண வண்டிகள் வரும். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் கண்ணு, எதுத்தாப்புல வர்ற வண்டில இடிச்சா என்ன ஆகும்?"

"பாயிண்ட் போயிரும் மாமா."

"பாயிண்ட்டு மட்டுமா?" என்று சிரித்தார். அப்புறம் அவர் சொன்னது எந்த கேமிலும் இல்லாதது. "மழை வந்தா மொத அரை மணி நேரந்தான் ரொம்ப மோசம். ரோட்டுல கெடக்கற எண்ணெய், தூசி எல்லாம் தண்ணியோட சேந்து சோப்பு மாதிரி ஆயிரும். நல்லா பேஞ்சு கழுவி விட்டாச்சுன்னா கொஞ்சம் தேவல. வளைவுக்குள்ள போயி பிரேக்கைத் தொடவே கூடாது, வெளியவே வேகத்தைக் கொறச்சுட்டுத்தான் உள்ள போகணும்." சம்பளக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. வளைவுக்கு வெளியே 100 ரூபாயையும் பிரேக்குக்குச் செலவழிக்கலாம், உள்ளே போனபின் அது திருப்பத்துக்கு வேண்டும். வால் வீசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வால் போற பக்கமே ஒடிப்பேன். யோசிக்க நேரமிருக்காது, கை தானா போகும்" என்றார். கவுண்டர்ஸ்டியர் என்ற பெயர் அவருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு: சறுக்கினால் சீக்கிரம் போகலாமா? தார் ரோட்டில் இல்லை. டயர் ஒரு சில டிகிரி மட்டும் சறுக்கும்போதுதான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டி முழுசாகச் சறுக்கினால் பிடிப்பு குறையும், இஞ்சின் பலம் புகையாகவும் சூடாகவும் போய்விடும். அதனால்தான் ஃபார்முலா 1 கார்கள் சறுக்காமல் ஓடப் பார்க்கின்றன. மண்ணிலும் பனியிலும் கதை வேறு, அங்கே ராலி கார்கள் சறுக்கித்தான் திரும்பும். சறுக்கினால் வேகம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் 1993-ல் வந்த ரிட்ஜ் ரேசர் போன்ற கேம்களுக்குப் பங்கு உண்டு, அதில் சறுக்காமல் வளைவைத் தாண்டுவதே கஷ்டம்.

நிஜத்துக்கு நெருக்கமாக விளையாட விரும்பினால் 2014-ல் வந்த அஸெட்டோ கோர்ஸா என்ற இத்தாலிய கேம் இருக்கிறது. கோயம்புத்தூரில் பெரியப்பா மகனிடம் ஸ்டியரிங் செட்டோடு இருப்பதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதில் டூப் மிகக் குறைவு. முன் சக்கர இழுவைக் காரை எடுத்தால் மூக்கு நேராகத்தான் போகிறது, ஏரிக்கரையில் போன மாதிரியே. பின் சக்கர இழுவைக் காரில் வால் கிளம்பியவுடன் ஸ்டியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று கையில் உரசிக்கொண்டு ஓடுகிறது. அதைப் பிடித்து நிறுத்தாமல் ஓடவிட்டு, சரியான இடத்தில் பிடிக்கணும். மாமா "கை தானா போகும்" என்று சொன்னதன் அர்த்தம் அங்கேதான் புரிந்தது.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: நம் பள்ளி கேட்டை ஒட்டிய வளைவின் உள் ஓரத்தில் அதே 20 மீட்டர் கயிறு வைத்து அளந்தோம். நடு இடைவெளி 2.5 மீட்டர். ஈர ரோட்டில் அந்த வளைவின் எல்லை வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.? கார் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் போவதாக வைத்துக்கொள்ளவும். விடையை வரும் வெள்ளிக்கிழமைக்குள் நூலகத்து வாசல் பெட்டியில் போடவும். சரியான விடையை எழுதி கேட் பக்கத்துச் சுவரில் ஒட்டலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.